பாலத்துக்கடியில் ஏழு மோட்டார்

எங்கள் மோட்டார் சைக்கிள் ஏன் நின்றது என்று எனக்குப் புரியவில்லை.

டயர் பஞ்சரோ, பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். கிள்ளானிலிருந்து கிளம்பி ஷா ஆலமும் தாண்டியாகிவிட்டது. விடிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தலைக்கு மேலே பெரிய பாலம். லோரி போகும்போதெல்லாம் தடதடவென்று அதிர்ந்தது. பாலத்துக்குக் கீழே, மழை வந்தால் மோட்டார்க்காரர்கள் ஒதுங்குவதற்காக விட்டிருந்த இடம். அன்றைக்கு மழை இல்லை. தூறல்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் இன்ஜினை அணைத்தார். பிறகு விளக்கையும் அணைத்தார்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் இரு."

அப்போதுதான் இருட்டுக்குள் ஏதோ அசைவது தெரிந்தது. உற்றுப் பார்த்தேன். மோட்டார்கள். ஒன்றல்ல, ஆறு. சுவரை ஒட்டி வரிசையாக, விளக்கில்லாமல், ஆட்கள் மேலே உட்கார்ந்தபடி நின்றன. ஒருவர் வாயில் சிகரெட் நுனி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. மாட்டிக்கொண்டோம் என்றே முடிவு கட்டிவிட்டேன். கை தானாகத் துணிப்பைக்குள் போய்ப் பாக்குவெட்டியைத் தேடியது.

"என்னாப்பா முனியாண்டி, இன்னைக்கு லேட்டு லா" என்றது ஒரு குரல், என் வீட்டுக்காரரைப் பார்த்து.

தெரிந்த குரல். எங்கள் சந்தையில் மீன்கடை வைத்திருக்கும் கருப்பையா அண்ணன். அவருக்குப் பக்கத்தில் பெரிய உருவமாக இருந்தவர் வியாபாரிகள் சங்கத் தலைவர் சேகரன், பூஜை சாமான் கடைக்காரர். மற்ற நான்கு பேரும் எங்கள் சந்தை ஆட்கள்தான். தினமும் மூஞ்சியில் மூஞ்சி பார்க்கிறவர்கள்.

என் வீட்டுக்காரர் பின்னால் நான் உட்கார்ந்திருப்பதை அவர்கள் அப்போதுதான் கவனித்தார்கள். பள்ளிக்கூடத்துக் கழிவறைக்குப் பின்னால் பிடிபட்ட பையன்கள் மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். சிகரெட்டும் கீழே போய்விட்டது.

பத்மாவின் பூ ஊசி

அவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்வதற்கு முன்னால், நாங்கள் எப்படி வியாபாரத்துக்குப் போய் வந்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நடுவில் நிறுத்துகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் இதே பத்தியில் வெற்றிலையை வாடாமல் வைப்பது எப்படி என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டுச் சில பேர் கடைக்கே வந்து நின்று சந்தேகம் கேட்டார்கள். ஒருவரும் ஒரு கவுளி வெற்றிலை வாங்கவில்லை. நான் கோபித்துக்கொண்டேனா?

எங்கள் கடை தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் சந்தையில். வாழை இலை, வெற்றிலை, மாவிலை, துளசி, கறிவேப்பிலை. வீடு கிள்ளானில். காப்பார் பக்கத்திலிருந்து வரும் வாழை இலையை ஈரச் சாக்கில் சுற்றி, மோட்டாரின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு அவர் போவார். எனக்கு ரயில். கல்யாணமான புதிதில் அந்தப் பின்சீட்டு என்னுடையதாக இருந்தது. பிறகு இலைக்கு மவுசு கூடிவிட்டது.

ரயிலில் நான் தனியாகப் போவதில்லை. பூக்கடை பத்மா கூட வருவாள். கடையும் பக்கத்துக் கடை, வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். இன்னும் இரண்டு மூன்று பெண்கள் வழியில் ஏறுவார்கள். எங்களுக்குள் சில சட்டங்கள் இருந்தன. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறுவதும் இல்லை. எல்லோரும் பெண்கள் பெட்டியில், ஒரே கதவு வழியாக ஏற வேண்டும். ஒருத்தி வரவில்லை என்றால் ஏன் என்று கேட்காமல் அடுத்த ஸ்டேஷன் போகக் கூடாது. சாயங்காலம் அவரவர் வீட்டுக்குள் நுழைந்ததும் போனில் "வந்தாச்சு" என்று போட வேண்டும். போடாதவளுக்கு மறுநாள் காலையில் கிடைக்கும் திட்டு சாதாரணமாக இருக்காது.

எனக்குப் பையில் பாக்குவெட்டி. பத்மாவுக்குப் பூக்கோக்கும் பெரிய ஊசி, முந்தானைக்குள் குத்தி வைத்திருப்பாள். பெண்கள் பெட்டி கிடைக்காத ஒரு நாள், கூட்டத்தில் ஒருவன் அவளை உரசி உரசி நின்றான். அவள் திரும்பவே இல்லை. என்னோடு சாமந்தி விலையைப் பேசிக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோனாள். அந்த மனிதன் அடுத்த ஸ்டேஷனில் ஒரு சத்தமும் போடாமல், தொடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான். அது அவன் இறங்க வேண்டிய ஸ்டேஷனாக இருக்காது என்று நினைக்கிறேன்.

சிரிப்பாகத்தான் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு நாளும் ரயிலிலிருந்து இறங்கி, படியேறி, அந்த நீளமான நடைபாலத்தைக் கடந்து, பின்னால் கேட்கும் செருப்புச் சத்தம் ஆணுடையதா பெண்ணுடையதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடப்பது சிரிப்பான விஷயம் இல்லை.

இதெல்லாம் சந்தை ஆண்களுக்குப் பெரிய வேடிக்கை. நாங்கள் கும்பலாக வருவதைப் பார்த்தால், "ஊர்வலம் வந்திருச்சு, வழி விடுங்க" என்பார்கள். அதிலும் முதல் குரல் எங்கள் வீட்டுக்காரருடையதாகத்தான் இருக்கும்.

வேன் வேண்டாம் என்றவர்கள்

பத்மாதான் வேன் யோசனையைக் கொண்டுவந்தாள். கிள்ளானிலிருந்தும் வழியில் ஷா ஆலம், சுபாங் ஜெயாவிலிருந்தும் வரும் வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து மாத வாடகைக்கு ஒரு வேன் பிடிப்பது. முன்னால் ஆட்கள், பின்னால் சரக்கு. ஆண்களும் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். பெண்கள் மட்டும் என்றால் வேன்காரர் வரமாட்டார்.

சேகரன் கடைக்குப் பின்புறம், ஊதுபத்தி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் கூட்டம் நடந்தது. பத்மா எழுந்து, போகிற வழி பயமாக இருக்கிறது என்றாள். நடைபாலத்தில் ஒருவன் மூன்று நாள் தொடர்ந்து பின்னால் வந்ததைச் சொன்னாள்.

"அந்த ஊசிய வச்சிருக்கிற உன் பின்னால எவன்மா வருவான்?" என்றார் சேகரன். எல்லா ஆண்களும் சிரித்தார்கள்.

பிறகு அவர்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்கள். எங்களுக்கு அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம், அவர்களுக்கு வேறு அர்த்தம். பிரேக்கு நன்றாக இருக்க வேண்டும், டயர் தேயக் கூடாது, மழையில் லோரிக்குப் பக்கத்தில் போகக் கூடாது. அவ்வளவுதான். அவர்கள் பேச்சில் இரும்பும் ரப்பரும் இருந்தன, மனிதன் ஒருத்தன்கூட வரவில்லை. ஒவ்வொருவரிடமும் சேகரன் கேட்டார், "உனக்கு மோட்டார்ல வர பயமா இருக்கா?" ஒவ்வொருவரும், "நமக்கென்ன லா பயம்" என்றார்கள்.

கடைசியாக எங்கள் வீட்டுக்காரர். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரோட்டுல போறதுக்குப் பயந்தா வியாபாரம் பண்ண முடியுமா? பயப்படுறவங்க வீட்டுல இருந்துக்கலாம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

இத்தனை பேர் முன்னால். பத்மாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. வேன் பேச்சு அன்றோடு முடிந்தது. வீட்டில் நான் ஒரு வாரம் அவருக்கு ரசம் வைக்கவில்லை. ரசம் இல்லாமல் சாப்பிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. தெரிந்துதான் செய்தேன்.

எண்ணெயில் வழுக்கியவர்

இன்னும் ஒரே ஒரு பழைய சங்கதி. பிறகு பாலத்துக்கடிக்குத் திரும்பிவிடுகிறேன்.

வேன் கூட்டத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், ஒரு நாள் காலையில் நான் கடைக்குப் போனபோது அவர் அங்கே இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. நேரம் கழித்து, கருப்பையா அண்ணன் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். இடது தோளில் பெரிய கட்டு. சட்டை இல்லை, யாரோ கொடுத்த மழைச் சட்டையைப் போர்த்தியிருந்தார்.

"லோரியில இருந்து எண்ணெ கொட்டிருந்துச்சு. வழுக்கிட்டேன். ஓரத்துல கிடந்த தகரம் கிழிச்சிருச்சு" என்றார்.

"ஆமா தங்கச்சி, நான் பாத்தேன். நல்ல எண்ணெ" என்றார் கருப்பையா அண்ணன்.

நல்ல எண்ணெய். அந்த வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது.

அன்றைக்கு அவருடைய போனும் போய்விட்டது, சோற்றுப் பாத்திரமும் போய்விட்டது. விழுந்தபோது எங்கோ தெறித்துவிட்டது என்றார். மூன்று அடுக்குப் பாத்திரம், வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "எழுந்திரிச்சப்போ ஒரு தடவ சுத்திப் பாத்திருக்கக் கூடாதா? காலா முளைச்சு ஓடிருச்சு அது?" என்று நாள் கணக்கில் அவரை அரித்தேன். அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. என்னோடு மல்லுக்கு நிற்காத மனுஷன் இல்லை அவர். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தையல் பிரித்த பிறகு தினமும் அந்தத் தழும்பில் தைலம் தேய்த்துவிட்டவள் நான்தான். நேராக, ஒரே கோடாக இருந்தது. தகரம் கிழித்தால் அப்படி இருக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோளிலிருந்து முதுகுப் பக்கமாக இறங்கும் அந்தக் கோடு என் விரலுக்கு மனப்பாடம்.

"உனக்குத் தெரியாதா?"

இப்போது பாலத்துக்கடி.

அன்றைக்கு நான் எப்படி அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்றால், அது வேன் கூட்டத்துக்குப் பிறகு வந்த திருவிழா வாரம். இலை அதிகம் வேண்டும் என்பதால் தோட்டக்காரரே லோரியில் கடைக்கு அனுப்பிவிட்டார். பின்சீட்டு காலி. தண்டவாளத்தில் வேலை நடப்பதால் அந்த வாரம் ரயிலும் சரியாக இல்லை. அதனால் நானும் மோட்டாரிலேயே வருகிறேன் என்றேன். அவருக்கு முகமே சரியில்லை. பஸ்ஸில் போயேன், வாடகைக் கார் பிடியேன் என்று ஏதேதோ சொன்னார். இவ்வளவு வருஷம் கழித்துப் பெண்டாட்டி பின்னால் உட்கார வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்கு எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

சேகரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே பாலத்தைப் பார்த்தார். கருப்பையா அண்ணன்தான் பாவம், இரக்கக் குணம். அவருக்கு ஒரு பெண்பிள்ளை கேட்டுப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"எல்லாரும் வந்ததும் சேந்து போவோம் தங்கச்சி. அந்தா, முன்னாடி டனல் இருக்கு பாரு, அத தனியா யாரும் தாண்டுறதில்ல. முனியாண்டிய வெட்டுனதுக்கு அப்புறம் இப்படித்தான் போறோம்."

"யாரை வெட்டினது?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஹேண்டிலைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா?" என்றார் கருப்பையா அண்ணன், மெதுவாக.

அந்த நேரத்தில் என்னுள் என்ன நடந்தது என்று எழுதிப் பார்க்கிறேன், சரியாக வரமாட்டேன் என்கிறது. மேலே லோரி போய்க்கொண்டே இருந்தது. எண்ணெய், தகரம், நல்ல எண்ணெய், சோற்றுப் பாத்திரம், எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் இடித்துக்கொண்டு வந்தன. என் கை அவர் தோளில்தான் இருந்தது. சட்டைக்கு அடியில் அந்தக் கோடு விரலில் பட்டது. சூடு பட்ட மாதிரி கையை எடுத்துவிட்டேன்.

"ஏழு பேரும் வந்தாச்சு. போவோம்" என்றார் சேகரன்.

பெரிய சாலையை ஒட்டி மோட்டார்களுக்கென்று தனியாக ஒரு சின்னப் பாதை போகும். அதை மோட்டார் லேன் என்பார்கள். சில இடங்களில் அது சாலைக்கு அடியில் சுரங்கமாக நுழைந்து வளைந்து வெளியே வரும். சுபாங் ஜெயாவுக்கு முன்னால் அப்படி ஒரு டனல். உள்ளே நுழைந்தால் வளைவில் அந்தப் பக்கம் தெரியாது. எதிரே யாராவது நின்றால், கிட்டே போகிற வரைக்கும் தெரியாது.

சேகரன் முன்னால் போனார். நாங்கள் நடுவில். ஏழு மோட்டார்களும் ஒன்றன் பின் ஒன்றாக, முன்சக்கரமும் பின்சக்கரமும் முட்டாத குறையாக நுழைந்தன. உள்ளே போனதும் எல்லோரும் ஹாரனை அழுத்தினார்கள். விடாமல், வெளிச்சம் வரும் வரைக்கும். அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஈர வாடை, மூத்திர வாடை. என் வீட்டுக்காரரின் முதுகு கட்டையாக விறைத்துப்போயிருந்தது. அவர் உடம்பு நடுங்கியது. மோட்டார் அதிர்வு இல்லை. இத்தனை வருஷம் அந்த உடம்போடு வாழ்ந்தவளுக்கு வித்தியாசம் தெரியும்.

தினமும் காலையில். நான் ரயிலில் பத்மாவோடு சாமந்தி விலை பேசிக்கொண்டு போகும்போது, "ஊர்வலம் வந்திருச்சு" என்று எங்களைக் கேலி செய்கிற இந்த ஏழு ஆண்பிள்ளைகள், இருட்டில் ஒருவருக்கொருவர் காத்துக் கிடந்து, ஹாரன் அடித்துக்கொண்டு இந்தப் பொந்தைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்களிடமும் சட்டங்கள் இருந்தன. ஒருத்தன் வராமல் கிளம்பக் கூடாது. ஒரே வரிசை. எங்கள் பெண்கள் பெட்டிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நாங்கள் எங்கள் பெட்டியை ஒளித்து வைக்கவில்லை.

கடைக்குப் பின்னால்

அன்று கடை திறந்ததும் வேலையில் இறங்கினேன். இலையை அறுத்துக் கட்டினேன், காசு வாங்கினேன், மீதி கொடுத்தேன். பேயறைந்த மாதிரி இருக்கிறாயே என்று பத்மா கேட்டாள். கூட்டம் குறைந்ததும் அவர் கடைக்குப் பின்னால் வந்து, இலைச் சாக்கு மேல் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரு. டனல் உள்ள மோட்டார குறுக்க போட்டு நின்னாங்க" என்றார். நான் கேட்கவே இல்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா மோட்டார எடுக்க விடமாட்ட. இலைய யாரு கொண்டு வர்றது?"

"இலை நாசமாப் போகட்டும். நீங்க செத்துப் போயிருந்தா?"

அவர் வெற்றிலைக் காம்பு ஒன்றை எடுத்துக் கிள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவனுங்க பாராங் கத்திய ஓங்குறதுக்கு முன்னாடியே நான் கையெடுத்துக் கும்பிட்டேன், லெட்சுமி. வாயில வந்த பாஷையில எல்லாம் கெஞ்சினேன். நம்ம பையன் வயசுதான் இருக்கும் அவனுங்களுக்கு. போன குடுத்தேன், காச குடுத்தேன், நீ குடுத்த சோத்தையும் எடுத்துக்கோன்னு நானே குடுத்தேன். அதுக்கப்புறமும் வெட்டுனான்."

சோற்றுப் பாத்திரம். அதை அவர் தொலைக்கவில்லை. உயிரோடு விட்டுவிடு என்று கெஞ்சிக் கொடுத்திருக்கிறார். அதற்குத்தான் நான் அத்தனை நாள் அவரை அரித்திருக்கிறேன். அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரமும் வந்தது.

"கருப்பையாவுக்குத் தெரியும், சேகரனுக்குத் தெரியும். சந்தையில இருக்கிற ஆம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"கெஞ்சினது அவங்களுக்கும் தெரியாது" என்றார்.

நான் சொன்ன பொய்

பத்மாவிடம் மட்டும் பாலத்தைப் பற்றியும் வெட்டைப் பற்றியும் சொன்னேன். கெஞ்சினதைச் சொல்லவில்லை. அவளுக்கு அதிர்ச்சியில் பூக்கூடை கையிலிருந்து நழுவிவிட்டது. அடுத்த நிமிஷமே கண்கள் பளபளத்தன. "விடக் கூடாதுக்கா. இன்னொரு கூட்டம் போடச் சொல்லு. எல்லார் முன்னாடியும் உடைச்சு விடு. அன்னைக்கு எப்படிச் சிரிச்சானுங்க" என்றாள்.

நானும் அந்த முடிவில்தான் கூட்டத்துக்குப் போனேன். அதே ஊதுபத்திப் பெட்டிகளுக்கு நடுவில் அதே ஆட்கள். நான் எழுந்து நின்றதும் பாலத்துக்கடி ஆறு பேருக்கும் முகத்தில் ரத்தம் இல்லை. சேகரன் வேட்டியைச் சரிசெய்தார், கருப்பையா அண்ணன் தரையைப் பார்த்தார். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொள்ளவில்லை அன்றைக்கு. வலது கை இடது தோளைப் பொத்திக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"எங்களுக்குப் பயமா இருக்கு" என்றேன். "பொம்பளைங்க மட்டும் வேன்ல வர முடியாது. ஆம்பளைங்க துணைக்கு வந்தாத்தான் ஏறுவோம். இல்லன்னா வேன் வேணாம்."

கருப்பையா அண்ணனின் கைதான் முதலில் மேலே போனது. பிறகு ஒவ்வொன்றாக. சேகரன் மூச்சை விட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "பாவம், பொம்பளைங்க வாயத் தொறந்து கேக்குறாங்க. நம்ம கடமை லா இது. மோட்டார வித்தாலும் பரவாயில்ல" என்றார். எல்லோரும் ஆமா ஆமா என்றார்கள். சிலருக்குக் கண் கலங்கியிருந்ததையும் நான் பார்த்தேன்.

பத்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரயிலில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாம உண்மையிலேயே பயந்து கேட்டப்போ சிரிச்சாங்க. அவங்க பயத்துக்கு நீ நம்ம பேரக் குடுத்துட்ட" என்றாள். அவள் சொன்னது சரி. அந்த நடைபாலத்தைப் பற்றி அன்றைக்கு ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும்தான். வேன் எங்களைக் கடை வாசலிலேயே இறக்கிவிடும் என்பதால் அந்தப் பாலம் எங்களுக்கு இல்லாமல் போனது, அவ்வளவுதான். அந்தப் பொய்யை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. திரும்பவும் அந்தக் கூட்டத்தில் நிறுத்தினால் அதே பொய்யைத்தான் சொல்வேன். அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்.

துணைக்கு வந்தவர்கள்

வேன் வந்த முதல் நாள் காலை, ஆண்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். பெண்கள் உள்பக்கம் இருந்தால்தான் பாதுகாப்பாம். கருப்பையா அண்ணனின் மீன்பெட்டி பின்னால் ஐஸ் தண்ணீரை ஒழுக விட்டது. பத்மாவின் மல்லிகையும் மீனும் சேர்ந்த வாடையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

"தைரியமா இருங்க, நாங்க இருக்கோம்" என்றார் சேகரன். ஷா ஆலம் வருவதற்குள் அவர் குறட்டை விட்டார். பிறகு ஒவ்வொருவராகத் தலை சாய்ந்தது. எங்களுக்குக் காவலுக்கு வந்த ஏழு பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்திருந்தோம். பத்மா முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். ஊசி அங்கேதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கினார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வாழை இலைக் கட்டு. பின்னால் போட இடமில்லை என்று பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

அந்தப் பெரிய பாலத்துக்கடியில் வேன் நுழைந்தது. தலைக்கு மேலே தடதடவென்று லோரி. பக்கத்தில் மழைக்கு ஒதுங்கும் இடம் காலியாகத் தெரிந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் இலைக்கட்டைத் தாண்டி அவர் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வளையல் சதையில் பதிந்து வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.

"தாண்டியாச்சா?" என்று கேட்டார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"தாண்டியாச்சு. தூங்குங்க" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து மோட்டார் லேனில், அந்த டனலின் வாய் அப்போதுதான் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.